கைபடாத மரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் பேப்பரோடு வந்த இணைப்பில் அரைப் பக்கத்துக்கு ஒரு பள்ளிக்கூட விளம்பரம். 'மாண்டிசோரி முறையில் எல்.கே.ஜி. சேர்க்கை. மூன்றரை வயதிலேயே சரளமாக எழுதப் படிக்கப் பயிற்சி' என்று போட்டிருந்தது. விளம்பரம் வாங்கியதற்காக உங்களோடு சண்டைக்கு வரவில்லை. பேப்பர் நடத்தக் காசு வேண்டும், புரிகிறது. ஆனால் அந்தப் படத்தின் மூலையில் ஓர் இளஞ்சிவப்புக் கோபுரம் நின்றது. பத்துக் கட்டைகளைப் பெரியதிலிருந்து சின்னதுவரை வரிசையாக அடுக்க வேண்டிய கோபுரம். அதில் ஐந்தாவது கட்டைக்கு மேல் மூன்றாவதை வைத்து, அதற்கு மேல் நான்காவதை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள். மூன்று வயதுக் குழந்தை பார்த்தாலே கலைத்து அடுக்கிவிடும். பள்ளிக்கூடம் நடத்துகிறவர்கள் கண்ணில் அது படவில்லை. அந்தக் கோபுரத்தை நூற்றுக்கு மேல் செய்தவன் நான். எழுதாமல் இருக்க முடியவில்லை.

எனக்கு வயது 67. தச்சு வேலை. எட்டாவதோடு படிப்பை நிறுத்தி, ஒரு மேஸ்திரியிடம் உப்புத்தாள் தேய்க்கிற பையனாகச் சேர்ந்தேன். அப்புறம் திருவான்மியூரில் சொந்தமாகச் சின்னப் பட்டறை போட்டு 32 வருஷம் ஓட்டினேன். கதவு, ஜன்னல், கட்டில் எல்லாம் செய்வேன். ஆனால் அடுப்பு எரிந்ததில் பாதி பள்ளிக்கூட ஆர்டரால்தான்.

முதல் ஆர்டர் மறக்கவில்லை. ஒரு டீச்சரம்மா பட்டறைக்கே வந்து ஒரு தாளை நீட்டினார். பத்துக் கட்டை. சின்னது எல்லாப் பக்கமும் ஒரு சென்டிமீட்டர், அடுத்தது இரண்டு, இப்படியே பெரியது பத்து சென்டிமீட்டர். "இது என்னம்மா பெரிய வேலை, நாளை மறுநாள் வாங்க" என்றேன். வந்தார். கட்டைகளை ஒரு மூலை ஒட்டினாற்போல ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். அப்படி வைத்தால் ஒவ்வொரு படியும் சரியாக ஒரு சென்டிமீட்டர் வர வேண்டும். இருப்பதிலேயே சின்னக் கட்டையை எடுத்து ஒவ்வொரு படியிலும் உட்கார வைத்துக்கொண்டே வந்தார். எட்டுக்கும் ஒன்பதுக்கும் நடுவில் அது ஒரு மயிரிழை வெளியே நீட்டியது.

"ஒரு மில்லிதானே அம்மா, குழந்தைக்கு எங்கே தெரியப்போகுது" என்றேன்.

"குழந்தைக்குத் தெரியணும்னுதான் மேஸ்திரி இதைச் செய்யவே சொல்றேன். பக்கத்துல உட்கார்ந்து தப்பு, சரின்னு நான் சொல்ல மாட்டேன். உங்க கட்டைதான் சொல்லணும்" என்றார்.

பத்துக் கட்டையையும் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அன்றைக்குச் சரியான கோபம். ராத்திரி உட்கார்ந்து யோசித்தபோதுதான் அந்தம்மா சொன்னதன் அர்த்தம் பிடிபட்டது. எங்கள் தொழிலும் அப்படித்தானே. மூட்டு சேரவில்லை என்றால் மேஸ்திரி வந்து சொல்ல வேண்டியதில்லை, மரமே சொல்லிவிடும்.

பிறகு உருளைக் கட்டைகள் செய்தேன். ஒரு நீளப் பலகையில் பத்துக் குழி, பத்துக் குழிக்கும் பத்து உருளை, இப்படி நான்கு பலகை. எல்லாம் கடைசல் வேலை. பருமன் மட்டும் மாறுகிற பலகையை எடுத்துக்கொள்ளுங்கள். குழந்தை ஒல்லி உருளையைக் கொண்டுபோய்ப் பெரிய குழியில் போட்டுவிடும். ஆடிக்கொண்டு நிற்கும். குழந்தை கவனிக்காது. அடுத்தது, அடுத்தது என்று போட்டுக்கொண்டே வந்து, கடைசியில் கையில் குண்டாக ஓர் உருளையும் பலகையில் ஒல்லியாக ஒரு குழியும் மிஞ்சும். அப்போது அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்! யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். அதுவே எல்லாவற்றையும் வெளியே எடுத்து மறுபடி ஆரம்பிக்கும். உருளையின் தலையில் ஒரு சின்னக் குமிழ் வைப்போம். பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் சேர்ந்தால்தான் அதைத் தூக்க முடியும். பென்சில் பிடிக்கிற பிடி அதுதான். எழுதச் சொல்லாமலே எழுதுகிற கையைத் தயார் பண்ணிவிடுகிறார்கள். இதைக் கேட்டபோது ஒரு தொழில்காரனாக எனக்குப் பொறாமையாகவே இருந்தது. இவ்வளவு யோசித்து ஒரு குமிழை யார் வைத்தார்கள்?

வைத்தவர் மரியா மாண்டிசோரி என்கிற இத்தாலிக்காரம்மா. படிப்பில் டாக்டர். 1907 ஜனவரியில் ரோமாபுரியில் சான் லொரன்சோ என்கிற ஏழைப்பட்ட பகுதியில், கூலிக்குப் போகிறவர்களின் பிள்ளைகளை வைத்துக்கொண்டு முதல் பள்ளியை ஆரம்பித்தார். இன்றைக்கு லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டுகிற பெற்றோர் பலருக்கு இது கூலிக்காரர் பிள்ளைகளுக்காக ஆரம்பித்தது என்றே தெரியாது. குழந்தையே தூக்கி நகர்த்துகிற அளவுக்கு லேசான நாற்காலி, மேஜை செய்யச் சொன்னாராம். அந்தத் தச்சன் யாரோ, இத்தாலியில் எங்கேயோ, என்னை மாதிரியே முதலில் முனகியிருப்பான்.

தென்சென்னையில் மாண்டிசோரி என்ற பெயர் இவ்வளவு புழங்குவதற்குக் காரணம் உண்டு. 1939-இல் அந்தம்மாவே அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்து இறங்கினார். ஆசிரியர் பயிற்சி வகுப்பு நடத்த வந்தவர். சுமார் 300 பேர் சேர்ந்தார்கள். சில மாதம் இருந்துவிட்டுப் போகலாம் என்று வந்தவரை இரண்டாம் உலகப் போர் பிடித்துக்கொண்டது. 1940-இல் இத்தாலி போரில் இறங்கியதும் வெள்ளைக்கார அரசாங்கத்துக்கு அவர் எதிரி நாட்டு ஆள். கூட வந்த மகன் மாரியோவை அகமத்நகரில் கொண்டுபோய் அடைத்தார்கள். ஆகஸ்ட் 31, அம்மாவின் எழுபதாவது பிறந்த நாள் அன்று மகனை விட்டார்கள். அப்புறம் கொடைக்கானலில் இரண்டு வருஷம் இருந்தார். நடுவில் ஊருக்குப் போய் வந்தது போக, எல்லாம் சேர்த்து 1949 வரை நம் பக்கம்தான். என் மேஸ்திரியின் அப்பா அடையாறு பக்கம் வேலை பார்த்தவர். வெள்ளைத் தலையோடு குடை பிடித்துக்கொண்டு போகிற அம்மாவைப் பார்த்திருக்கிறேன் என்பார். உண்மையோ, கதையோ.

சரி, விளம்பரத்துக்கு வருகிறேன்.

பட்டறையை மூடி ஐந்து வருஷம் ஆகிறது. இப்போது மேடவாக்கத்தில் மகன் வீட்டில் இருக்கிறோம். மகன், மருமகள் இருவரும் கம்ப்யூட்டர் வேலை. பேத்திக்கு மூன்றே கால் வயது. வீட்டில் பாப்பா. பள்ளியில் சேர்க்க வேண்டும் என்று ஒரு பள்ளிக்கு எல்லோரும் போனோம். பெயர் வேண்டாம். வாசலில் மாண்டிசோரி என்று போர்டு. அந்தப் பெயர் யாருக்கும் சொந்தமில்லை, யார் வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம் என்பது அப்போது எனக்குத் தெரியாது. உள்ளே நுழைந்ததும் ரிசப்ஷனுக்குப் பக்கத்தில் கண்ணாடி அலமாரி. உள்ளே கோபுரம், உருளைப் பலகை, சிவப்புக் கோல்கள், விரலால் தடவிப் பழகுகிற உப்புத்தாள் எழுத்துகள் எல்லாம் அழகாக அடுக்கி வைத்திருந்தது. மருமகள் படம் எடுத்துக்கொண்டாள்.

நான் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு பார்த்தேன். உருளையின் குமிழ்கள் எல்லாம் கடையிலிருந்து வந்த அன்று இருந்த மாதிரியே வெளுப்பாக இருந்தன. கைபட்ட மரம் அப்படி இருக்காது. ஆறு மாதம் குழந்தைகள் எடுத்து வைத்தால் குமிழ் கறுத்து, எண்ணெய் இறங்கி, புளியங்கொட்டை மாதிரி மினுங்கும். கோபுரத்தில் எப்போதும் அந்த ஒரு சென்டிமீட்டர் கட்டைதான் தொலையும். என் காலத்தில் பள்ளிகளிலிருந்து வருஷா வருஷம் ஜூன் மாதம் ஆள் வந்து 'சின்னக் கட்டை மட்டும் இருபது கொடுங்க' என்று வாங்கிப் போவார்கள். இங்கே சின்னக் கட்டை பத்திரமாக உச்சியில் உட்கார்ந்திருந்தது. அலமாரியில் பூட்டு தொங்கியது.

வகுப்பறையில் 40 பிள்ளைகள். மூன்றரை வயது. நான்கு கோடு நோட்டில் ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போனான். 'ஸிட் டவுன்' என்று அதட்டல். ஆயாம்மா வந்து பாட்டிலைத் திறந்து வாயில் வைத்துவிட்டுப் போனார். அவன் கை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

பூட்டைப் பற்றி, எனக்கு முதல் ஆர்டர் கொடுத்த டீச்சரம்மா ஒரு கதை சொல்லியிருக்கிறார். சான் லொரன்சோவில் ஆரம்பத்தில் சாமான்களை ஒரு பெரிய அலமாரியில் வைத்துப் பூட்டி, டீச்சர்தான் எடுத்துக் கொடுப்பாராம். ஒரு நாள் பூட்ட மறந்துவிட்டார். காலையில் தாமதமாக வந்து பார்த்தால் அலமாரி திறந்து கிடக்கிறது. பிள்ளைகள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துப் போட்டு மும்முரமாக வேலை செய்கிறார்கள். டீச்சர் அதைத் திருட்டு என்று நினைத்தார். மாண்டிசோரி அம்மாவுக்கு வேறு மாதிரி பட்டது. இதுகளுக்கு எதை எடுக்க வேண்டும் என்று தெரிகிறது, எடுத்த இடத்தில் வைக்கவும் தெரிகிறது. அப்புறம் பெரிய அலமாரி போய், குழந்தை கைக்கு எட்டுகிற குட்டை அலமாரி வந்தது. பூட்டு கிடையாது. நூறு வருஷத்துக்கு முன்னால் கழற்றிய பூட்டை இந்தப் பள்ளிக்கூடம் மறுபடி மாட்டி வைத்திருக்கிறது, அதுவும் அந்தம்மா பெயரிலேயே.

சேர்க்கவில்லை. வேறு பள்ளி பார்த்துக்கொண்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்தைத் திட்டிவிட்டுக் கடிதத்தை இங்கேயே முடித்திருப்பேன். ஆனால் அன்றைக்குத் திரும்பி வந்து வீட்டுக்குள் நுழைந்ததும் பாப்பா 'தாத்தா, தண்ணி' என்றாள். நான் போய் வாட்டர் ஃபில்டரில் பிடித்து, டம்ளரை அவள் வாயில் வைத்தேன். வைத்துக்கொண்டிருக்கும்போதே உறைத்தது. அந்த ஆயாம்மா செய்ததைத்தானே நானும் செய்கிறேன்?

டேப்பை எடுத்தேன். பழக்கதோஷம், எதுவாக இருந்தாலும் முதலில் அளந்து பார்ப்பேன். பாப்பாவின் உயரம் 37 அங்குலம். சமையல் மேடை 33. மேடைக்கு மேலே அவள் நெற்றிதான் தெரியும். வாஷ்பேசின் குழாய் எட்டாது. ஸ்விட்ச் எட்டாது. துண்டு மாட்டுகிற கொக்கி என் தலை உயரத்தில். அவளுடைய சட்டைகள் பீரோவின் மூன்றாவது தட்டில். விளையாட்டுச் சாமான் எல்லாம் பரணில், 'கலைச்சுப் போட்டுடுவா' என்று. மூன்று பெட்ரூம் வீட்டில் அந்தக் குழந்தைக்குத் தானாக எட்டுகிற ஒரே பொருள் டிவி ரிமோட். அது சோபாவில் கிடக்கும்.

நான் வளர்ந்த வீட்டை நினைத்துப் பார்த்தேன். செங்கல்பட்டு பக்கம் ஓட்டு வீடு. அங்கே வாழ்க்கையே தரையில்தான். அடுப்பு தரையில், அம்மி தரையில், தண்ணீர்த் தொட்டி இடுப்பளவு, சாப்பாடு தரையில் மணை போட்டு. மூன்று வயதுப் பிள்ளைக்கு எல்லாமே முகத்துக்கு நேரே இருக்கும். அம்மா கீரை ஆய்ந்தால் நாங்களும் ஒரு கட்டை இழுத்து வைத்துக்கொண்டு ஆய்வோம். பிறகு அடுப்பு மேடைக்கு ஏறியது, சாப்பாடு மேஜைக்கு ஏறியது, குழாய் சுவருக்கு ஏறியது. பெரியவர்களின் முதுகு பிழைத்தது, அதில் தப்பு சொல்ல மாட்டேன். குழந்தை மட்டும் கீழேயே நின்றுவிட்டது. அதற்கு எதுவும் வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் அழ வேண்டும்.

பழைய காலம் பொற்காலம் என்று சொல்கிற ஆள் இல்லை நான். அந்தக் காலத்தில் எங்களை யாரும் சுதந்திரமாக வளர்க்கவில்லை. வீட்டில் ஏழு உருப்படி, கவனிக்க ஆளில்லை, அவ்வளவுதான். தரையில் அடுப்பும் அரிவாள்மனையும் இருந்த வீட்டில் சுட்டுக்கொள்ளாத, வெட்டிக்கொள்ளாத பிள்ளையே கிடையாது. அடியும் தாராளம். ஆனால் தச்சன் வீட்டில் ஒரு சாமான் அப்போதே சரியாக இருந்தது: நடைவண்டி. மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை. சங்கப் பாட்டிலேயே குதிரை இல்லாமல் பிள்ளைகள் உருட்டுகிற மூன்று சக்கரத் தேர் வருகிறதாம். எங்கள் தெரு தமிழ் வாத்தியார் சொன்னார். நடைவண்டியில் குழந்தை தானாக எழுந்து நிற்க வேண்டும், தன் காலால் தள்ள வேண்டும். விழுந்தால் அதுவாக எழ வேண்டும். இப்போது விற்கிற பிளாஸ்டிக் வாக்கரில் குழந்தையை நடுவில் தொங்கவிட்டுவிடுகிறார்கள். கால் நுனி உரசினால் வீடு முழுக்க ஓடும். நடக்கக் கற்றுக்கொடுப்பதற்கு என்று விற்பது, நடக்காமலே ஓட வைக்கிறது. கனடாவில் அதை விற்கவே கூடாது என்று 2004-இல் தடை போட்டுவிட்டார்கள். இங்கே வளைகாப்பு முடிந்த கையோடு பரிசாக வருகிறது.

அளந்த மறுநாளே வேலையை ஆரம்பித்தேன். துண்டுக் கொக்கியை 32 அங்குலத்துக்கு இறக்கினேன். பழைய ஷெல்ஃப் பலகையை வைத்து இரண்டு தட்டில் ஒரு குட்டை அலமாரி. மேல் தட்டில் அவளுடைய தட்டு, டம்ளர், அரை லிட்டர் பிடிக்கிற ஒரு சின்னச் சொம்பு. கீழ்த் தட்டில் மூன்று சட்டை, மூன்று கால்சட்டை. முப்பது வைத்தால் கலைக்கத்தான் செய்வாள், மூன்று வைத்தால் எடுப்பாள். அப்புறம் அவள் ஏறி நிற்க ஒரு முக்காலி. நான்கு கால்தான், வாய்ப்பழக்கத்தில் முக்காலி என்கிறோம்.

வீட்டுக்காரம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "ஒரே பேத்தி. அதைப் போய் வேலைக்காரியாக்கப் பார்க்கிறீங்களே" என்றாள். முதல் வாரம் வீட்டில் இதுதான் பேச்சு. பாப்பா சொம்பிலிருந்து டம்ளரில் ஊற்றினால் பாதி தரையில். இவள் துணியோடு ஓடுவாள். நான் துணியைப் பிடுங்கிப் பாப்பாவின் கையில் கொடுப்பேன். அவள் துடைக்கிறேன் என்று ஈரத்தை ஹால் முழுக்கப் பரப்புவாள். மகன் வழுக்கி விழுந்தான். சாப்பாடு இன்னும் மோசம். அதுவரை பாட்டி ஊட்டுவாள், போனில் பாட்டு ஓடும், வாய் தானாகத் திறக்கும். ஒரு வேளைச் சோற்றுக்கு முக்கால் மணி நேரம். நான் போனை எடுத்து வைத்த அன்றைக்குக் குழந்தை சாப்பிடவே இல்லை. அன்று ராத்திரி என்னோடு யாரும் பேசவும் இல்லை.

திருப்பிவிட்டவன் வேறு ஆள். எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாவின் மகன், பாப்பாவைவிட இரண்டு மாதம் இளையவன். அங்கன்வாடிக்குப் போகிறவன். ஒரு சனிக்கிழமை அம்மாவோடு வந்திருந்தான். வீட்டுக்காரம்மா பாவம் என்று அவனுக்கும் ஒரு தட்டு வைத்தாள். அவன் நேராகக் குழாயடிக்குப் போய் நின்று கையை நீட்டினான். கழுவிக்கொண்டு வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தான். சாம்பார் சாதத்தை அளாவி, முட்டையை இரண்டாகப் பிட்டு, ஒரு பருக்கை கீழே விழுந்தால் எடுத்துத் தட்டு ஓரத்தில் வைத்து, தட்டைக் காலி பண்ணிவிட்டு அதைத் தூக்கிக்கொண்டு போய்த் தொட்டியில் போட்டான். பன்னிரண்டு நிமிஷம். பாட்டி வாயைப் பிளந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். பாப்பாவும்தான். அவன் பாதி சாப்பிடும்போதே இவள் தட்டை இழுத்து வைத்துக்கொண்டு கையை விட்டாள். மூக்கில், முடியில், கவுனில் எல்லாம் சாதம். ஆனால் ஊட்ட வந்த பாட்டியின் கையைத் தள்ளிவிட்டாள். போன் எங்கே என்று அன்றைக்குக் கேட்கவில்லை.

அங்கன்வாடியில் அவனுக்கு இதைச் சொல்லிக் கொடுத்தவர் யார் என்று கேட்டேன். 'டீச்சர் எதுவும் சொல்லலீங்க ஐயா, இருபது பிள்ளைங்க வரிசையா உட்காரும், யார் யாருக்கு ஊட்டுறது' என்றார் அவன் அம்மா. ஊட்ட ஆளில்லாததால் கற்றுக்கொண்டான் என்றுதான் அவர் நினைக்கிறார். நான் அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்வேன். அங்கே எல்லாம் தரையில் இருக்கிறது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தை நாம் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், ஆனால் செயல்வழிக் கற்றல் என்று, பிள்ளைகள் அட்டைகளை எடுத்துத் தாங்களாகவே படிக்கிற முறையை 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் ஆரம்பித்தார்களே, அப்போது ஒரு பள்ளியில் அட்டைகள் வைக்கத் தட்டு அடிக்கப் போயிருந்தேன். சுவரின் அடிப்பாகம் முழுக்கக் கரும்பலகை. பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு கட்டத்தில் எழுதிக்கொண்டிருந்தார்கள். டீச்சரும் தரையில். தட்டை எந்த உயரத்தில் அடிக்கட்டும் என்று கேட்டேன். தலைமை ஆசிரியர் ஒன்றாம் வகுப்புப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டுக் கையைத் தூக்கச் சொல்லி, 'இங்கே' என்றார். முப்பது வருஷத் தொழிலில் அளவுக்குக் குழந்தையையே நிறுத்தியவர் அவர் ஒருவர்தான்.

டீச்சரம்மா சொன்ன இன்னொரு கதையும் இங்கே ஞாபகம் வருகிறது. மாண்டிசோரி அம்மா ஒரு நாள் பிள்ளைகளுக்கு மூக்குச் சிந்த வேண்டிய விதத்தைப் பாடமாக நடத்தினாராம். கைக்குட்டையை மடித்து, சத்தம் வராமல், அடுத்தவருக்குத் தெரியாமல் எப்படித் துடைப்பது என்று. சிரிக்கும் என்று நினைத்தால் பிள்ளைகள் எல்லாம் கைதட்டினவாம். பிறந்ததிலிருந்து 'மூக்கைத் துடை, மூக்கைத் துடை' என்று திட்டியவர்கள்தான் உண்டு, எப்படி என்று மரியாதையாகச் சொன்னவர் யாரும் இல்லை. நானும் பாப்பாவிடம் கத்தியிருக்கிறேன்.

ஒரு விஷயம் சொல்லாமல் விட்டால் நான் பொய்யன். இந்தப் பாடம் எல்லாம் எனக்கு முப்பது வருஷமாகத் தெரியும். பள்ளிக்கூடங்களுக்குச் செய்து கொடுத்தேன், என் மகனுக்குச் செய்யவில்லை. அவனைப் பட்டறைப் பக்கமே விட மாட்டேன். உளியைத் தொட்டால் அடி. தச்சன் மகன் தச்சனாகிவிடக் கூடாது என்ற பயம். படி, படி என்று மட்டும் சொன்னேன். சட்டை அயர்ன் பண்ணி வைப்பது, ஷூ லேஸ் கட்டுவது, பேனாவுக்கு மை போடுவது எல்லாம் அவன் அம்மா. நன்றாகப் படித்தான், நல்ல வேலை. 36 வயதில் ஒரு காலண்டர் மாட்ட வேண்டும் என்றால் 'அப்பா, ஓர் ஆணி அடிச்சுக் கொடுங்களேன்' என்று சுத்தியலோடு வந்து நிற்கிறான். என்னால் சிரிக்கவும் முடியவில்லை, திட்டவும் முடியவில்லை.

இப்போது அவனுக்குத்தான் பொறுமை இல்லை. காலையில் லிஃப்ட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு நிற்கிறோம், பாப்பா செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருக்கிறாள். ஒரு நாள் கடிகாரத்தைப் பார்த்தேன். ஆறு நிமிஷம். மகன் குனிந்து மாட்டிவிட்டால் ஆறு விநாடி. அவன் குனியும்போது நான் அவன் தோளைப் பிடித்துக்கொள்கிறேன். அவன் ஆபீஸுக்கு லேட், அவன் சொல்வதும் நியாயம்தான். ஆகவே நாங்கள் இப்போது பத்து நிமிஷம் முன்னதாகவே கிளம்ப ஆரம்பித்துவிட்டோம். இதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. தெரிந்த வாசகர்கள் எழுதட்டும்.

மருமகள் இணையத்தில் தேடி, வீட்டுக்கு மாண்டிசோரி செட் என்று ஒன்றைக் காட்டினாள். இருபதாயிரத்துக்கு மேல் விலை. வேண்டாம் என்றேன். தொழிலுக்குத் துரோகம் பண்ணுகிறேனோ என்னவோ. கோபுரமும் உருளையும் பள்ளிக்கு வேண்டும். வீட்டில் அவளுக்குச் சொம்பு இருக்கிறது, பட்டாணி உரிக்க இருக்கிறது, துவைத்த துணியில் அப்பா சாக்ஸுக்கு ஜோடி தேட வேண்டியிருக்கிறது. சாக்ஸ் ஜோடி சேராவிட்டால் கடைசியில் ஒன்று மிஞ்சும். உருளைப் பலகை செய்கிற வேலையை அது செய்துவிடுகிறது.

கடிதம் நீண்டுவிட்டது. வெட்டித்தான் போடுவீர்கள். எங்கே வெட்டினாலும் பின்வரும் அளவுகளை மட்டும் வெட்டாமல் போடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். யாருக்காவது உதவும். பக்கத்தில் இருக்கிற எந்தத் தச்சரிடம் காட்டினாலும் அரை நாளில் செய்து கொடுத்துவிடுவார்.

முக்காலி. மேல் பலகை 14 அங்குலத்துக்கு 11 அங்குலம், முக்கால் அங்குல கனம். மொத்த உயரம் 8 அங்குலம். மா மரமோ ரப்பர் மரமோ போதும், தேக்கு வேண்டாம். நான்கு கால்களையும் நேராக இறக்காமல் வெளிப்பக்கம் கொஞ்சம் சாய்த்து, கால் நுனி பலகையின் விளிம்புக்கு நேரே வருகிற மாதிரி வையுங்கள். நேர்க்கால் வைத்தால் குழந்தை ஓரத்தில் மிதித்ததும் கவிழும். கால்களுக்கு அடியில் ரப்பர் புஷ். விளிம்பெல்லாம் உருட்டி, உப்புத்தாள் போட்டுவிடுங்கள். பெயின்ட் வேண்டாம், வழுக்கும். பலகையின் நடுவில் நான்கு அங்குல நீளத்துக்கு, ஒன்றேகால் அங்குல அகலத்துக்குக் கைப்பிடித் துளை போடச் சொல்லுங்கள். அதை விட்டுவிடாதீர்கள். குழந்தை தானே தூக்கிக்கொண்டு போகத்தான் முக்காலி. நாம் எடுத்துக் கொடுப்பதாக இருந்தால் அதைச் செய்யவே வேண்டாம்.

இது வீட்டுக்குள் வந்த அன்றைக்கே பால்கனிக் கதவுக்கு மேல் தாழ்ப்பாள் ஒன்று போட்டுவிடுங்கள், அடுப்பு சிலிண்டரை வேலை முடிந்ததும் மூடிவிடுங்கள். முதல் பத்து நாளைக்கு அது வீட்டில் எங்கே கிடக்கும் என்று சொல்ல முடியாது, ராத்திரி எழுந்து போகிறவர்கள் லைட்டைப் போட்டுக்கொண்டு போகவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தச்சுத் தொழிலாளி,
மேடவாக்கம், சென்னை.